பழைய கணினி ஏன் திணறுகிறது, எங்கே கை வைத்தால் வேகம் கூடும்

விண்டோஸ் 10-க்கான ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. ஏழெட்டு வருடப் பழைய லேப்டாப் இருக்கும் வீடுகளில் அதிலிருந்து ஒரே குழப்பம். ஏற்கெனவே ஆன் செய்தால் மூன்று நிமிடம், பிரவுசரைத் திறந்தால் இன்னும் இரண்டு நிமிடம் என்று உயிரை வாங்குகிறது, விண்டோஸ் 11 இதில் ஏறாது என்று வேறு சொல்கிறார்கள், அப்படியானால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கத்தான் வேண்டுமா? பெரும்பாலும் வேண்டாம். வீட்டு வேலைக்கு, அதாவது பிரவுசர், கடிதம், கணக்கு, படம் பார்ப்பது, பிள்ளைகளின் பாடம் ஆகியவற்றுக்கு, அந்தக் கணினிகளில் பலவும் இன்னும் தாராளமாகப் போதும்.

ஒரே ஒரு நிபந்தனை. வேகம் குறைவதற்கு நாலைந்து காரணங்கள் உண்டு, வெளியே தெரிவதோ எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்: மௌஸ் பக்கத்தில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். காரணம் எது என்று பார்க்காமலே ஒருவர் ரேம் வாங்கிப் போடுகிறார், இன்னொருவர் ஏதோ ஒரு கிளீனரை இறக்கி ஓடவிடுகிறார், மூன்றாமவர் கடையில் கொடுத்து ஃபார்மட் போட்டு வாங்குகிறார். பாதிப் பேருக்குப் பலன் இல்லை, பணமும் நேரமும் போனதுதான் மிச்சம். அதனால் அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

மூன்று பாகங்கள், மூன்று வேகங்கள்

நீங்கள் ஒரு ஐகானைச் சொடுக்கியதும் உள்ளே மூன்று பாகங்கள் வேலை செய்கின்றன.

1. டிஸ்க். விண்டோஸ், மென்பொருள்கள், உங்கள் கோப்புகள் எல்லாம் நிரந்தரமாக இருக்கும் இடம். பழைய கணினிகளில் இது பெரும்பாலும் உள்ளே தட்டு சுழலும் ஹார்ட் டிஸ்க்.

2. ரேம். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் வேலைக்கு வேண்டியதை எடுத்து வைத்துக்கொள்ளும் இடம். மின்சாரம் போனால் இதில் இருப்பதும் போய்விடும்.

3. செயலி. கணக்குப் போடுகிற பாகம். ரேமில் இருப்பதைத்தான் இது தொடும், டிஸ்க்கில் இருப்பது முதலில் ரேமுக்கு வந்தாக வேண்டும்.

இந்த மூன்றையும் யாருக்கு எவ்வளவு எப்போது என்று பங்கு போட்டுக் கொடுப்பதுதான் இயங்குதளத்தின் வேலை. விண்டோஸ் என்றாலும் லினக்ஸ் என்றாலும் இதே கதைதான்.

இவற்றின் வேகத்தில் உள்ள வித்தியாசம் நாம் நினைப்பதைவிட மிகப் பெரியது. ரேமிலிருந்து ஒரு துணுக்குத் தகவலை எடுக்கச் சுமார் 100 நானோ விநாடி ஆகும். எஸ்எஸ்டி என்கிற, சுழலும் பாகமே இல்லாத டிஸ்க்கிலிருந்து எடுக்கச் சுமார் 0.1 மில்லி விநாடி. பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எடுக்க 15 மில்லி விநாடிக்கு மேல். ரேமையும் ஹார்ட் டிஸ்க்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றரை லட்சம் மடங்கு வித்தியாசம். செயலி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அதற்கு வேண்டியது ஹார்ட் டிஸ்க்கில் மாட்டிக்கொண்டிருந்தால் அதுவும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான்.

எங்கே அடைத்திருக்கிறது என்று பார்ப்பது எப்படி

தனியாக எந்த மென்பொருளும் வேண்டாம். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். சின்னதாக வந்தால் கீழே உள்ள மோர் டீடெயில்ஸைச் சொடுக்கி விரித்துக்கொள்ளுங்கள். கணினி நன்றாக ஓடும்போது இதைப் பார்த்துப் பயனில்லை, திணறும்போதுதான் பார்க்க வேண்டும். ஆன் செய்து டெஸ்க்டாப் வந்த உடனே ஒரு தடவை, அப்புறம் நீங்கள் வழக்கமாகச் செய்யும் வேலையின் நடுவில் ஒரு தடவை.

பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் நாலு விஷயங்களைக் கவனியுங்கள்:

1. டிஸ்க் 100 சதவீதத்தில் நிமிடக்கணக்கில் நிற்கிறதா? அங்கேயே சராசரிப் பதில் நேரம் என்று மில்லி விநாடியில் ஓர் எண் இருக்கும். அது நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரத்தைத் தாண்டி ஏறுகிறது என்றால் ஆள் இவர்தான்.

2. மெமரி, அதாவது ரேம், 85, 90 சதவீதத்துக்கு மேலேயே நிற்கிறதா?

3. சிபியு, அதாவது செயலி, 100 சதவீதத்தில் நிற்கிறதா? அப்படியானால் புராசஸஸ் பக்கத்துக்குப் போய் சிபியு என்ற தலைப்பைச் சொடுக்கினால் அதிகம் தின்பது எது என்று மேலே வந்து நிற்கும்.

4. சிபியுவின் அடிப்படை வேகம் என்று போட்டிருப்பதைவிட, வேலை நெருக்கும்போதுகூட நடப்பு வேகம் மிகவும் கீழேயே கிடக்கிறதா? இது வெப்பத்தின் அடையாளமாக இருக்கலாம், பிறகு வருகிறேன்.

ஹார்ட் டிஸ்க்கும் 4 ஜிபி ரேமும் உள்ள கணினியில் விண்டோஸ் 10 போட்டிருந்தால், பத்துக்கு எட்டு முறை முதல் இரண்டும் சேர்ந்தே இருக்கும் என்று நினைத்துக்கொண்டே பாருங்கள். இரண்டுக்கும் உறவு உண்டு, அதுதான் இந்த விஷயத்தின் மையம்.

100 சதவீதம் என்கிறது, ஆனால் ஒரு எம்பிகூட நகரவில்லை

டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதம் என்று சிவந்து நிற்கும். பக்கத்தில் வேகத்தைப் பார்த்தால் விநாடிக்கு 0.9 எம்பி, 1.2 எம்பி என்று காட்டும். இதே ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பெரிய சினிமாக் கோப்பை நகல் எடுத்தால் விநாடிக்கு 80, 100 எம்பி போகிறதே, இப்போது என்ன வந்தது? டிஸ்க் கெட்டுவிட்டது என்று பலர் பயந்துவிடுகிறார்கள். கெட்டிருக்க வேண்டியதில்லை, கணக்கே அப்படித்தான் வரும். போட்டுப் பார்ப்போம்.

லேப்டாப்பில் இருக்கும் சாதாரண ஹார்ட் டிஸ்க் நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும். விநாடிக்கு 90 சுற்று. ஒரு சுற்றுக்குச் சுமார் 11 மில்லி விநாடி. படிக்கும் முனை ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்கு நகர்ந்து போய் நிற்கச் சராசரியாக 12 மில்லி விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். போய் நின்றதும் வேண்டிய இடம் அடியில் வரும்வரை காத்திருக்க வேண்டும், சராசரியாக அரைச் சுற்று, ஐந்தரை மில்லி விநாடி. ஆக ஒரு துண்டை எடுக்கப் பதினேழு பதினெட்டு மில்லி விநாடி. விநாடிக்கு 57 துண்டு, அவ்வளவுதான். ஒவ்வொரு துண்டும் 16 கேபி என்றால் விநாடிக்கு 0.9 எம்பி. திரையில் தெரிந்த எண் இதேதான்!

சினிமாக் கோப்பு ஏன் வேகமாகப் போகிறது என்றால் அது டிஸ்க்கில் பெரும்பாலும் தொடர்ச்சியாகக் கிடக்கிறது, முனை நகர வேண்டிய தேவையே குறைவு. விண்டோஸ் எழும்பும்போது நடப்பது இதற்கு நேர் எதிர். எங்கெங்கோ சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளை அது கேட்கிறது. ஒரு கணக்குக்கு 10,000 துண்டு என்று வைத்தால், விநாடிக்கு 57 வீதம் மூன்று நிமிடத்துக்கு ஐந்து விநாடி குறைவு. எஸ்எஸ்டியில் முனையும் இல்லை, சுழற்சியும் இல்லை, துண்டுக்கு 0.1 மில்லி விநாடி, அதே 10,000 துண்டுக்கு ஒரு விநாடி.

உண்மையில் விண்டோஸ் இவ்வளவு வெகுளியாக வரிசையில் நின்று கேட்பதில்லை, எது தேவைப்படும் என்று ஊகித்து முன்கூட்டியே சேர்த்து எடுக்கும், டிஸ்க்கும் அருகருகே உள்ளதை வரிசை மாற்றிப் படிக்கும். அதனால் நடைமுறையில் வித்தியாசம் கொஞ்சம் குறையும். குறைந்தாலும் ஆன் செய்து மூன்று நிமிடம் காத்திருந்த கணினி எஸ்எஸ்டி போட்ட பிறகு 20, 30 விநாடியில் கைக்கு வந்துவிடுவது இதனால்தான். பழைய கணினிக்குச் செலவழிக்க ஒரே ஒரு தொகைதான் கையில் இருக்கிறது என்றால் அதை இங்கே போடுங்கள் என்று நான் தயங்காமல் சொல்வேன்.

இன்னொரு விஷயத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஹார்ட் டிஸ்க் உண்மையாகவே கெட்டுக்கொண்டிருந்தாலும் இதே மாதிரிதான் திணறும். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் டிஸ்க் தன்னைப் பற்றி எழுதிவைத்திருக்கும் உடல்நலக் குறிப்பைப் படித்துக் காட்டும். அதில் மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை வந்தால், மாற்றி எழுதப்பட்ட செக்டர்கள், நிலுவையில் உள்ள செக்டர்கள் என்ற வரிகளில் எண் ஏறியிருந்தால், வேகத்தைப் பற்றிய பேச்சை அப்படியே நிறுத்திவிட்டு முதலில் குடும்பப் புகைப்படங்களையும் ஆவணங்களையும் வேறு டிஸ்க்குக்கு எடுத்துவிடுங்கள். டிக் டிக் என்று சீராகத் தட்டும் ஓசை கேட்டாலும் அதே அறிவுரைதான்.

ரேம் நிரம்பினால் அடி விழுவதும் டிஸ்க்குக்குத்தான்

64 பிட் விண்டோஸ் 10-க்கு 2 ஜிபி ரேம் போதும் என்று மைக்ரோசாஃப்ட்டின் குறைந்தபட்சத் தேவைப் பட்டியல் சொல்கிறது. ஓடும் என்பதற்குத்தான் அது போதும், வேலை பார்க்கப் போதாது. 4 ஜிபி கணினியில் விண்டோஸ், வைரஸ் தடுப்பு, பின்னணிச் சேவைகள் எல்லாம் எடுத்தது போகக் கிட்டத்தட்ட பாதிதான் உங்களுக்கு மிஞ்சும். அப்புறம் பிரவுசர் வருகிறது. இன்றைய பிரவுசர்கள் பாதுகாப்புக்காக ஒவ்வொரு தளத்தையும் தனித்தனிப் புராசஸாக ஓட்டுகின்றன, பத்துப் பன்னிரண்டு டேப் திறந்தால் அந்தப் பாதியும் காலி.

ரேம் தீர்ந்ததும் விண்டோஸ் என்ன செய்யும்? முதலில் அதிகம் தொடாத பகுதிகளைச் சுருக்கி ரேமிலேயே வைக்கும். இது விண்டோஸ் 10-இல் வந்த நல்ல ஏற்பாடு. அதுவும் போதாதபோது அவற்றை டிஸ்க்கில் உள்ள பேஜ் ஃபைல் என்ற மறைவான கோப்பில் எழுதி வைத்துவிட்டு, நீங்கள் அந்த டேபுக்குத் திரும்பும்போது மறுபடி எடுத்து வரும். ஒன்றரை லட்சம் மடங்கு மெதுவான இடத்துக்குப் போய்வருகிறது. அதனால்தான் ஒரு டேபிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது வெள்ளைத் திரையாக நிற்கிறது, டிஸ்க் விளக்கு விடாமல் கண்ணடிக்கிறது. பார்ப்பவர் டிஸ்க்தான் பிரச்சினை என்று நினைப்பார், மூலம் ரேமில் இருக்கும்.

ரேம் வாங்குவதற்கு முன் இவற்றைப் பாருங்கள்:

1. டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் எத்தனை ஸ்லாட்டில் எத்தனை பயன்பாட்டில் உள்ளது என்று இருக்கும். இரண்டில் ஒன்று காலி என்றால் இன்னொரு 4 ஜிபி போட்டாலே போதும், கையில் உள்ளதைக் கழற்ற வேண்டாம்.

2. டிடிஆர்3 வகையா, டிடிஆர்4 வகையா என்று பார்த்து வாங்குங்கள், ஒன்று மற்றொன்றில் உட்காராது. டிடிஆர்3-இலேயே குறைந்த மின்னழுத்தம் கேட்கும் ரகம் தனி, 2013-க்குப் பின் வந்த லேப்டாப்கள் பல அதைத்தான் கேட்கும்.

3. உங்கள் விண்டோஸ் 32 பிட்டா, 64 பிட்டா? செட்டிங்ஸில் சிஸ்டம், அபௌட் என்று போனால் தெரியும். 32 பிட் என்றால் எவ்வளவு ரேம் போட்டாலும் மூன்று, மூன்றரை ஜிபிக்கு மேல் அதற்குக் கண் தெரியாது. செயலி 64 பிட்டாக இருந்தும் 32 பிட் விண்டோஸ் போட்டு ஓடும் கணினிகள் இன்னும் நிறைய உண்டு.

8 ஜிபி இருந்தால் சாதாரண வீட்டு வேலைக்கு நிம்மதி. 16 போட்டால் இன்னும் இரண்டு மடங்கு வேகம் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம், ரேம் என்பது பற்றாக்குறை உள்ளவரைதான் வித்தியாசம் காட்டும். பணம் போட முடியாத நிலையில் பிரவுசரின் செட்டிங்ஸில் மெமரி சேவரை இயக்கி வையுங்கள், பயன்படுத்தாத டேபுகளை அது தூங்க வைத்துவிடும். வேண்டாத எக்ஸ்டென்ஷன்களையும் நீக்குங்கள். காசில்லாமல் கிடைக்கும் பலனில் இதுதான் பெரியது.

ஆன் செய்ததும் கூடவே எழுந்து வரும் கூட்டம்

நாலைந்து வருடம் ஓடிய கணினியில் மெசேஜிங் ஆப், பிரிண்டர் உதவியாளர், கிளவுட் சேமிப்பு, கேம் லாஞ்சர், அப்டேட்டர்கள் என்று பதினைந்து இருபது பேர் விண்டோஸோடு சேர்ந்து எழுந்து வருவார்கள். விநாடிக்கு 57 துண்டு கொடுக்கும் டிஸ்க்கில் இத்தனை பேரும் ஒரே நேரத்தில் கையை நீட்டினால் என்ன ஆகும்?

டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பக்கத்தில் இவர்களின் பட்டியல் இருக்கிறது, தாக்கம் அதிகம், நடுத்தரம், குறைவு என்று எதிரே போட்டிருக்கும். எழும்பும்போது செயலியின் நேரத்தில் ஒரு விநாடிக்கு மேலோ, டிஸ்க்கில் 3 எம்பிக்கு மேலோ எடுத்தால் அதிகம் என்று விண்டோஸ் குறிக்கிறது. வரியின் மேல் வலது சொடுக்கு, டிசேபிள், முடிந்தது. மென்பொருள் அழிந்துவிடாது, நீங்கள் திறக்கும்போது வழக்கம்போலத் திறக்கும். டச்பேட், ஒலி சம்பந்தப்பட்டவை, வைரஸ் தடுப்பு ஆகியவற்றை மட்டும் விட்டுவிடுங்கள்.

வைரஸ் தடுப்பு என்றதும் ஒன்று. விண்டோஸிலேயே டிஃபெண்டர் இருக்கிறது, வீட்டுக்கு அது போதும். வாங்கும்போது சோதனைக் காலத்துக்கு இலவசமாக வந்த இன்னொரு தடுப்பு மென்பொருள் காலாவதியாகியும் உட்கார்ந்திருக்கும், அதை முறையாக அன்இன்ஸ்டால் செய்துவிட்டால் டிஃபெண்டர் தானாகவே பொறுப்பேற்கும்.

ஷட் டவுன் செய்தும் கணினி முழுதாக அணைவதில்லை

தினமும் ராத்திரி ஷட் டவுன் செய்கிறவர்கள் டாஸ்க் மேனேஜரில் சிபியு பக்கத்தில் அப் டைம் என்ற வரியைப் பாருங்கள். 23 நாள் என்று காட்டினால் ஆச்சரியப்பட வேண்டாம். 2012-இல் விண்டோஸ் 8-உடன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற ஏற்பாடு வந்தது. ஷட் டவுன் கொடுத்தால் உங்கள் மென்பொருள்களை மூடிவிட்டு, விண்டோஸின் கருப்பகுதியையும், வன்பொருள்களை இயக்கும் டிரைவர்களையும் இருந்த நிலையிலேயே டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு அணையும். மறுநாள் அதையே எடுத்து விரிக்கும். ஹார்ட் டிஸ்க்குக்கு இது நல்ல யோசனை, ஏனென்றால் ஆயிரம் சின்னக் கோப்புக்குப் பதில் ஒரு பெரிய கோப்பாகப் படிக்கலாம், மேலே போட்ட கணக்கு இங்கே நமக்குச் சாதகமாகிறது.

பாதகம் என்னவென்றால் கருப்பகுதியில் ஏதாவது கோளாறு சேர்ந்திருந்தால், ஒரு டிரைவர் ரேமைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கிக்கொண்டிருந்தால், அதுவும் பத்திரமாக மறுநாள் கூடவே வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால் மட்டும்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். வாரத்துக்கு ஒரு தடவை ஷட் டவுனுக்குப் பதில் ரீஸ்டார்ட் கொடுங்கள். அப்டேட்டுகளும் அப்போதுதான் ஒழுங்காக முடியும், பாதியில் நிற்கும் அப்டேட்டே பல நாள் டிஸ்க்கைப் போட்டு உருட்டிக்கொண்டிருக்கும்.

சூடு

பத்து நிமிடம் நன்றாக ஓடிவிட்டு அப்புறம் மெதுவாகிறது, விசிறி கத்துகிறது, அடிப்பாகத்தில் கை வைக்க முடியவில்லை என்றால் இயங்குதளத்தை நோண்டாதீர்கள். செயலி ஓர் அளவுக்கு மேல் சூடானால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், நடப்பு வேகத்தைப் பார்க்கச் சொன்னது இதற்குத்தான். காற்று வெளியேறும் வழியில் உள்ள மெல்லிய உலோகத் தகடுகளின்மேல் தூசி கம்பளி மாதிரிப் படிந்திருக்கும். கழற்றத் தெரிந்தவரிடம் கொடுத்துத் தூசி எடுத்து, செயலிக்கும் வெப்பக் கடத்திக்கும் இடையே உள்ள காய்ந்துபோன பேஸ்ட்டை மாற்றினால் போதும். மெத்தைமேல் வைத்துப் பயன்படுத்துவதையும் விட்டுவிடுங்கள், அடியில் உள்ள துளைகள் அடைபட்டுப் போகின்றன.

இவற்றைச் செய்யாதீர்கள்

1. ரெஜிஸ்ட்ரி கிளீனர். விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் சில நூறு பழைய வரிகள் கிடப்பதால் வேகம் குறைவதாக உணரவே முடியாது, ஆனால் தேவையான ஒரு வரி போனால் விண்டோஸே எழாமல் போகலாம். இந்த வகை மென்பொருள்களைத் தான் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்ட்டே எழுதி வைத்திருக்கிறது. நம்பிக்கையான பெயர் என்றாலும் ஆபத்து உண்டு: சிகிளீனரின் 5.33 பதிப்பு 2017 ஆகஸ்டில் தீநிரல் ஏற்றப்பட்ட நிலையில் அதிகாரப்பூர்வமாகவே வெளியாகி, 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் ஏறியது தெரியவந்தது. தற்காலிகக் கோப்புகளை அழிக்க விண்டோஸின் ஸ்டோரேஜ் சென்ஸ் போதும். சி டிரைவில் பத்து, பதினைந்து சதவீதமாவது காலியாக இருக்கட்டும்.

2. ரேம் பூஸ்டர். இது செய்வதெல்லாம் ரேமில் உள்ளதை வலுக்கட்டாயமாக டிஸ்க்குக்குத் துரத்துவது. எண் குறைந்து பச்சையாகத் தெரியும், அடுத்த சொடுக்கில் எல்லாம் திரும்ப ரேமுக்கு வர வேண்டும். இருந்ததைவிட மெதுவாகும்.

3. எஸ்எஸ்டியை டிஃப்ராக் செய்வது. டிஃப்ராக் என்பது முனை நகர்வதைக் குறைக்க வந்தது, முனையே இல்லாத இடத்தில் வீண் எழுத்து வேலை. விண்டோஸுக்கு இது தெரியும், டிஸ்க் வகையைப் பார்த்து அதுவே வாரந்தோறும் வேண்டியதைச் செய்துகொள்ளும்.

4. அப்டேட்டையும் டிஃபெண்டரையும் நிறுத்துவது. வேகம் கொஞ்சம் கூடும், மறுக்கவில்லை. ஆனால் வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினியில் இதைச் செய்யவே கூடாது.

சிஸ்மெய்ன் என்ற சேவையை நிறுத்தச் சொல்லிப் பல வீடியோக்கள் உண்டு. விண்டோஸ் விஸ்டாவில் சூப்பர்ஃபெட்ச் என்ற பெயரில் வந்தது இதுதான், அடிக்கடி திறப்பதை முன்கூட்டியே ரேமில் ஏற்றி வைக்கும். ரேம் மிகக் குறைந்த சில கணினிகளில் நிறுத்திப் பார்க்கலாம், பலன் இல்லையென்றால் திரும்ப இயக்கிவிடுங்கள்.

காட்சி அலங்காரங்களை அணைப்பதும் அப்படித்தான். தனி கிராஃபிக்ஸ் இல்லாத மிகப் பழைய கணினியில் நன்றாகவே தெரியும், மற்றவற்றில் அவ்வளவாக இல்லை. அணைத்தாலும் எழுத்துகளின் ஓரத்தை மென்மையாக்கும் வசதியை மட்டும் விட்டு வையுங்கள், இல்லாவிட்டால் தமிழ் எழுத்து படிக்கவே கண் வலிக்கும்.

எஸ்எஸ்டி போடும்போது

பெரும்பாலான பழைய லேப்டாப்களில் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி அப்படியே உட்காரும். உங்கள் மதர்போர்டு விநாடிக்கு 3 கிகாபிட் மட்டுமே கொடுக்கும் பழைய சாட்டா 2 ஆக இருந்தாலும் கவலை வேண்டாம், நமக்கு வேண்டியது பெரிய கோப்பின் வேகம் இல்லை, சின்னத் துண்டுகளின் காத்திருப்பு குறைவது, அது அங்கேயும் முழுதாகக் கிடைக்கும். எஸ்எஸ்டி 7 மில்லிமீட்டர் தடிமன், சில பழைய லேப்டாப்களில் இடம் 9.5 மில்லிமீட்டர், ஆடாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் சட்டம் வைத்தால் சரி. மலிவான சில லேப்டாப்களில் 32 அல்லது 64 ஜிபி இஎம்எம்சி சேமிப்பு மதர்போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், அவற்றில் மாற்ற முடியாது, வாங்கும் முன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழையதை அப்படியே குளோன் செய்வதா, புதிதாக விண்டோஸ் போடுவதா என்றால் நான் புதிதாகப் போடுவதையே சொல்வேன், ஐந்து வருடக் குப்பையை எதற்குக் கூடவே கூட்டிப்போக வேண்டும். 8 ஜிபி பென் டிரைவும் மைக்ரோசாஃப்ட் தளத்தில் கிடைக்கும் மீடியா கிரியேஷன் டூலும் போதும். ஏற்கெனவே ஆக்டிவேட் ஆன விண்டோஸ் 10 என்றால் லைசென்ஸ் டிஸ்க்கோடு இல்லை, மதர்போர்டோடுதான் இணைந்திருக்கிறது, நிறுவி இணையத்தில் இணைத்ததும் தானே ஆக்டிவேட் ஆகும். கணக்கு மென்பொருள் போல மறுபடி நிறுவ முடியாதது ஏதாவது இருந்தால் மட்டும் குளோன். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் மீட்பு எண்ணை எழுதி வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

அப்புறம், விண்டோஸ் 10-ஐ என்ன செய்வது

ஆதரவு முடிந்தது என்றால் கணினி நின்றுவிடாது. பாதுகாப்புத் திருத்தங்கள் வராது, அவ்வளவுதான், ஆனால் அதுவே போதுமான ஆபத்து. வழிகள் இவை:

1. நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் சேருங்கள். வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை என்று அறிவித்து, செட்டிங்ஸ் காப்புப்பிரதியை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்தால் இலவசம் என்றார்கள். விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே சேரும் இணைப்பு வரும்.

2. விண்டோஸ் 11. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி கணினியில் வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிறகு. சரிபார்ப்பை ஏமாற்றி ஏற்றும் வழிகள் இருக்கின்றன, ஆனால் அப்படி ஏற்றிய கணினிக்கு அப்டேட் உறுதி இல்லை, ஏற்றினாலும் வேகம் கூடப் போவதில்லை.

3. லினக்ஸ். லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு 2 ஜிபி ரேமில் ஓடும், 4 ஜிபியில் சௌகரியமாக ஓடும். தமிழ்99 விசைப்பலகையும் கிடைக்கிறது. நிறுவாமலே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம், வைஃபை, ஒலி, பிரிண்டர் மூன்றும் வேலை செய்கின்றனவா என்று அப்போதே சோதித்துவிடுங்கள். டேலி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் போன்றவற்றை நம்பி இருப்பவர்களுக்கு இது சரிவராது.

விண்டோஸ் 7-க்குத் திரும்பினால் வேகமாக இருக்குமே என்று கேட்பவர்கள் உண்டு. அதன் ஆதரவு 2020 ஜனவரியிலேயே முடிந்தது, குரோமும் 109-ஆம் பதிப்போடு அதைக் கைவிட்டுவிட்டது, இன்றைய தளங்கள் பல அதில் ஒழுங்காகத் திறக்காது.

எஸ்எஸ்டி மாட்டிக் கழற்றி எடுத்த பழைய ஹார்ட் டிஸ்க்கை உடனே அழித்துவிடாதீர்கள். எங்கோ ஒரு ஃபோல்டரில் இருந்த வரி ரசீதோ பழைய புகைப்படமோ இரண்டு வாரம் கழித்துத்தான் ஞாபகத்துக்கு வரும். யுஎஸ்பி உறை ஒன்று வாங்கி அதில் போட்டு, ஒரு மாதம் அப்படியே அலமாரியில் வையுங்கள். அப்புறம் எதுவும் விடுபடவில்லை என்று பார்த்துக்கொண்டு ஃபார்மட் செய்தால், மெதுவாக இருந்தாலும் காப்புப்பிரதி வைக்க நல்ல டிஸ்க் ஒன்று கையில் இருக்கும்.